14 வயது வேகப்பந்து வீச்சாளனுக்கு நாரி வலி: தினமும் 100 சிட்-அப் செய்தால் போய்விடுமா?

வெள்ளவத்தை_அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 14 வயது. கொழும்பில் ஒரு பாடசாலையின் 15 வயதுக்குட்பட்ட அணியில் வலக்கை வேகப்பந்து வீச்சாளன். கடந்த தவணையிலிருந்து 17 வயதுக்குட்பட்டோரின் வலைப் பயிற்சிக்கும் அவனைக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் பெருமைதான்.

ஐந்து வாரங்களாக நாரி வலிக்கிறது என்கிறான். எங்கே என்று கேட்டால் ஒரு விரலால் இடது பக்கத்தில் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டுகிறான். பந்து வீசிய அன்று இரவு வலி கூடுகிறது. இரண்டு நாள் பந்தைத் தொடாவிட்டால் குறைகிறது. பயிற்றுவிப்பாளரிடம் சொன்னேன். "நடுவுடல் தசைகளுக்குப் பலம் போதாது. வயிறு இறுகினால் வலி போய்விடும்" என்று சொல்லி, தினமும் 100 சிட்-அப், மூன்று நிமிடம் பிளாங்க் (முழங்கைகளிலும் கால்விரல்களிலும் ஊன்றி உடலை நேராகப் பிடிப்பது) செய்யச் சொன்னார். பிள்ளை ஒரு நாளும் தவறவிடவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துச் செய்துவிட்டுத்தான் பல் துலக்கப் போகிறான். மூன்று வாரத்தில் வயிற்றில் கோடுகள் தெரிகின்றன. வலி அப்படியே இருக்கிறது.

வாரத்தில் மூன்று நாள் பாடசாலைப் பயிற்சி; ஒவ்வொரு நாளும் பத்து ஓவர் வீசுவதாகச் சொல்கிறான். சனிக்கிழமை போட்டி. போன சனி 12 ஓவர் வீசினான், அதில் 9 ஓவர் ஒரே முனையிலிருந்து தொடர்ச்சியாக. ஞாயிறு தனியார் பயிற்சி, அங்கே எட்டு ஓவர்.

என் கேள்விகள் இவை. இந்த உடற்பயிற்சி சரியானதா? இன்னும் கூட்டிச் செய்ய வேண்டுமா? இந்த வயதில் பளு தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று என் மாமியார் பயப்படுகிறார், அது உண்மையா? புரத மா வாங்கிக் கொடுக்கச் சொல்லி ஒருவர் வற்புறுத்துகிறார். விலையைப் பார்த்தால் எங்கள் வீட்டின் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு அது. விளையாட்டு தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை_வேகம் எழுதியது:

அக்கா, வைத்தியரிடம் காட்டும் வரை தம்பி ஒரு பந்துகூட வீசக் கூடாது. நாளை பயிற்சி இருந்தால் நாளையே நிறுத்துங்கள். சிட்-அப்பையும் நிறுத்துங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், நீங்கள் எழுதியிருப்பது 22 வருடங்களுக்கு முன் எனக்கு நடந்தது. அப்போது எனக்கு 16 வயது. நானும் வலக்கை வீச்சாளன். எனக்கும் இடது பக்கம், ஒரு விரல் வைக்கும் அளவு இடத்தில் வலி. எனக்கும் வயிறு பலமில்லை என்றே சொன்னார்கள். எனக்குக் கொடுத்த கணக்கு 200. எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் தெரியவில்லை. தசைப்பிடிப்பு என்று தைலம் பூசி, பட்டி கட்டிக்கொண்டு இன்னும் ஒன்பது வாரம் வீசினேன். ஒரு நாள் புறக்கோட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்க இடது காலை ஊன்றியபோது அப்படியே நின்றுவிட்டேன். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது நாரியின் கடைசி முள்ளெலும்பில் வெடிப்பு. பாடசாலையின் கடைசி இரண்டு பருவங்களை மைதானத்துக்கு வெளியே கதிரையில் இருந்து பார்த்தேன். அந்தக் கதிரையில் உங்கள் மகனும் வந்து இருக்கக் கூடாது.

இது ஏன் நடக்கிறது என்று தம்பியிடம் நீங்கள் விளக்கினால், அவனே ஒத்துழைப்பான். வலக்கை வீச்சாளன் இடது காலை முன்னே ஊன்றும் நொடியில் தரை அவனைத் திருப்பித் தள்ளும் விசை அவனுடைய எடையைப் போலப் பல மடங்கு. அதே நொடியில் அவன் முதுகு பின்னால் வளைந்து, இடப்பக்கம் சாய்ந்து, முறுக்கிக்கொண்டும் இருக்கிறது. மூன்றும் சேர்ந்து முள்ளெலும்பின் பின்புறத்தில் உள்ள மெல்லிய பாலம் போன்ற எலும்பை, பந்து வீசும் கையின் எதிர்ப்பக்கத்தில், நசுக்குகின்றன. கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து முறிப்போமே, அப்படித்தான். வளரும் பிள்ளைகளின் எலும்பு அந்த இடத்தில் இன்னும் முற்றவில்லை. இருபது வயது தாண்டியும் அது முற்றிக்கொண்டே இருக்கிறது. அவுஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பெற் கம்மின்ஸ் 2011 நவம்பரில் ஜொகன்னஸ்பேர்க்கில் 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடி ஆட்ட நாயகன் ஆனார். அடுத்த டெஸ்ட் ஆட 2017 மார்ச் வரை காத்திருந்தார். இடையில் முதுகு திரும்பத் திரும்ப முறிந்தது. 1973இல் அவுஸ்திரேலியாவின் டெனிஸ் லில்லி, 2019இல் இந்தியாவின் பும்ரா, எல்லோருக்கும் முதுகெலும்பில் இதே மாதிரி வெடிப்பு. அவர்கள் யாருக்கும் வயிற்றுப் பலம் குறைவு என்று சொல்ல முடியுமா?

இப்போது நீங்கள் கேட்ட பயிற்சிக்கு வருகிறேன். வெள்ளவத்தையில் பழைய வீடுகளின் கூரையில் தொலைக்காட்சி அன்டெனாக் குழாய் நிற்குமே, அதைப் பாருங்கள். மெல்லிய குழாய்தான். நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள்தான் அதைக் கடற்காற்றில் நிமிர்த்தி வைத்திருக்கின்றன. ஒரு கம்பி மட்டும் மிக இறுக்கமாகவும் மற்றது தொய்ந்தும் இருந்தால் குழாய் பொருத்தில் வளையும். முள்ளந்தண்டு அந்தக் குழாய். சிட்-அப் முன்பக்கக் கம்பியை மட்டும் இறுக்குகிறது. பக்கவாட்டுத் தசை, முள்ளந்தண்டை ஒட்டியுள்ள சிறு தசைகள், பின்பாகத்துப் பெருந்தசை ஆகியவைதான் வீச்சாளனைக் காப்பாற்றுகின்றன, அவற்றை யாரும் கவனிப்பதில்லை. கண்ணாடியில் தெரியாத தசைகள் அல்லவா!

இன்னொன்று: மைதானத்தில் நடுவுடலின் வேலை வளைவது அல்ல, வளையாமல் பிடித்து நிற்பது. கையும் காலும் பறக்கும்போது நடுப்பகுதி அசையாமல் இருந்தால் ஓட்டத்தில் கிடைத்த வேகம் காலிலிருந்து தோளுக்கு ஏறும். துடுப்பாட்ட வீரனுக்கும் இதேதான்; எல்லைக்கோட்டிலிருந்து எறிபவனுக்கும் இதேதான்.

நான் புறக்கோட்டையில் ஓர் இறக்குமதி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதிப் பையன்கள் பதினொரு பேரோடு இருப்பேன். சம்பளம் வாங்குவதில்லை. உடற்பயிற்சி நிலையம் எங்களுக்கு இல்லை. ஒரு முற்றம், நாலு பாய், ஒரு தும்புத்தடி, ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள். தும்புத்தடியை முதுகில் நெடுக்காக வைத்து, தலை, நடுமுதுகு, பிட்டம் மூன்றும் தடியில் தொட்டபடி இடுப்பிலிருந்து குனியச் சொல்வேன். முதல் நாளில் பத்துக்கு ஏழு பேர் தடியை விட்டு முதுகை வளைப்பார்கள். நாரியை வளைக்காமல் இடுப்பை மடக்கத் தெரியாதவனுக்குப் பிளாங்க் மூன்று நிமிடம் அல்ல, முப்பது நிமிடம் பிடித்தாலும் பயனில்லை.

அடுத்தது பக்கப் பிளாங்க். ஒரு முழங்கையில் ஊன்றி, உடலைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடிப்பது. பத்து விநாடி பிடி, இறக்கு, மூச்சு விடு, மறுபடி பத்து. ஆறு தரம், பிறகு நாலு, பிறகு இரண்டு. வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகை ஆராய்ந்த பேராசிரியர் ஸ்டுவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் முறை இது. நீண்ட நேரம் நடுங்கிக்கொண்டு பிடிப்பதை விட, சிறு சிறு பிடிகளாக, உருவம் குலையாமல் செய்வது முதுகைச் சோர்வின்றித் தாங்கப் பழக்குகிறது. இரு பக்கமும் ஒரே அளவு பிடிக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். வீச்சாளர்களில் பெரும்பாலும் ஒரு பக்கம் தொங்கும். அந்தப் பக்கத்துக்கு ஒரு சுற்று கூடுதலாகக் கொடுப்பேன்.

பிறகு நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது. முதுகில் ஒரு தேநீர்க் கோப்பையை வைத்தால் சிந்தக் கூடாது. மல்லாந்து படுத்து, நாரியைத் தரையில் அழுத்தியபடி எதிரெதிர்க் கையையும் காலையும் மெல்ல இறக்குவது. பையன்கள் இதற்கு மல்லாந்த கரப்பான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒற்றைக் கையில் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு சாயாமல் முற்றத்தைச் சுற்றி நடப்பது. இரப்பர் பட்டியை யன்னல் கம்பியில் கட்டி, பக்கவாட்டில் நின்று, நெஞ்சுக்கு நேரே கைகளை நீட்டி, பட்டி இழுக்கும் பக்கம் திரும்பாமல் நிற்பது. கடைசியாக, ஒரு படி உயரத்திலிருந்து ஒற்றைக் காலில் இறங்கி, முழங்கால் உள்ளே சாயாமல் மூன்று எண்ணும் வரை நிற்பது. பந்துவீச்சில் முன்கால் ஊன்றுவதற்கு மிகவும் நெருங்கியது இதுதான். இருபது நிமிடத்தில் எல்லாம் முடியும். வாரத்தில் மூன்று நாள் போதும்.

ஆனால் இவை அனைத்தும் வலி இல்லாத பிள்ளைக்கு. உங்கள் மகன் எதைச் செய்யலாம் என்பதை வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.

கடைசியாக ஒரு கூட்டல் கணக்கு. பாடசாலையில் 30 ஓவர், போட்டியில் 12, ஞாயிறு 8. மொத்தம் 50 ஓவர், 300 பந்து, ஒரே வாரத்தில். இங்கிலாந்து, வேல்ஸ் கிரிக்கெட் சபை இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கென வெளியிட்டு, நான் பல வருடமாகக் கைக்கொள்ளும் அளவு இது: 13 வயதுக்குட்பட்டவர் தொடர்ச்சியாக 5 ஓவர், நாளுக்கு 10, 15 வயதுக்குட்பட்டவர் தொடர்ச்சியாக 6, நாளுக்கு 12. உங்கள் மகன் தொடர்ச்சியாக 9 வீசியிருக்கிறான். பாடசாலைப் பயிற்றுவிப்பாளருக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஞாயிறு பயிற்றுவிப்பாளருக்குச் சனி தெரியாது. எல்லா நாளையும் அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்குங்கள்.

இயன்மருத்துவர்_தெஹிவளை எழுதியது:

வணக்கம். நான் இயன்மருத்துவராகப் பணிபுரிகிறேன். மேலே எழுதிய சகோதரர் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். சில விடயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

விளையாட்டு மருத்துவம் அறிந்த வைத்தியரிடம் போங்கள். போகும்போது மூன்றைச் சொல்ல மறக்காதீர்கள்: வலக்கை வேகப்பந்து, இடது பக்க வலி, ஐந்து வாரம். இந்த மூன்றும் சேர்ந்தால் அவருக்கு உடனே புரியும். ஆரம்ப நிலையில் எலும்பு அழுத்தம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினால், எம்.ஆர்.ஐ. தேவையா என்று நீங்களாகவே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. வெடிப்பு விழுவதற்கு முன் பிடித்துவிட்டால் ஓய்வு குறைவு. எலும்பு நன்றாகக் கூடுகிறது.

காலை ஐந்து மணிக்குச் சிட்-அப் என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கு மிகவும் கவலை தந்தது. இரவு முழுவதும் படுத்திருக்கும்போது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சி வீங்கியிருக்கும். அதனால்தான் காலையில் நாம் சற்று உயரமாக இருக்கிறோம். எழுந்தவுடன் முதுகை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் வட்டில் விழும் அழுத்தம் மிக அதிகம். எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகே குனியும் பயிற்சி எதுவும்.

மாமியாருக்குச் சொல்லுங்கள்: தகுந்தவர் பக்கத்தில் நின்று பார்க்க, குறைந்த எடையில் தொடங்கிச் சரியான முறையில் செய்யும் பளுப்பயிற்சி உயரத்தை நிறுத்தாது. ஆபத்து எடையில் இல்லை. நண்பர்களோடு போட்டி போட்டுக்கொண்டு தூக்குவதில் இருக்கிறது. புரத மா தேவையில்லை. முட்டை, மீன், பருப்பு, பால், மாலையில் ஒரு கை கச்சான் போதும். அந்தப் பணத்தை ஸ்கேனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, மாதம் ஒரு தரம் பாருங்கள். திடீரென வளரும் மாதங்களில் எலும்பு முந்துகிறது, தசை பின்தங்குகிறது. தொடைப் பின்தசை இறுகி, இடுப்பு மடங்காமல், நாரி அந்த வேலையையும் செய்ய வேண்டி வருகிறது. அந்த மாதங்களில் ஓவரைக் குறைக்க வேண்டும்.

பொரளை_அப்பா எழுதியது:

சகோதரி, என் மகனுக்கு வலியே தொடங்கவில்லை, ஆனால் தொடங்கியிருக்கும் என்று இப்போது நம்புகிறேன். தொலைபேசியில் மெதுவாக ஓடும் காணொளி எடுத்துப் பார்த்தபோது பின்கால் ஊன்றும் நேரத்தில் இடுப்பு பக்கவாட்டில் இருக்கிறது, தோள் மட்டும் துடுப்பாட்ட வீரனை நோக்கித் திறந்திருக்கிறது. பிறகு தோள் திரும்பிப் பின்னே போய், மறுபடி முன்னே வருகிறது. இந்தக் கலப்பு வீச்சு முதுகை முறுக்கிப் பிழிகிறது. இடுப்பும் தோளும் ஒரே திசை பார்க்கும்படி மாற்ற நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் விக்கெட் விழவில்லை, அணியிலும் இடமில்லை. பிள்ளை மனம் உடைந்து போனான். இருந்தாலும் மாற்றியது நல்லது. மகன் மீண்டும் வீசத் தொடங்கும்போது, பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்துப் பாருங்கள்.

வெள்ளவத்தை_அம்மா எழுதியது:

பதினாறு நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். உங்கள் பதில்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே பயிற்சியை நிறுத்தினோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இயன்மருத்துவர் சகோதரி சொன்னபடி கேட்டேன், வைத்தியர் எம்.ஆர்.ஐ. எழுதித் தந்தார். இடது பக்கம், கடைசி முள்ளெலும்பு. வெடிப்பு இன்னும் விழவில்லையாம். ஆனால் எலும்பு அழுத்தத்தில் வீங்கி, நீர் கோத்திருக்கிறதாம். இன்னும் சில வாரம் வீசியிருந்தால் முறிந்திருக்கும் என்றார். 12 வாரம் பந்துவீச்சு இல்லை. பிறகு மறுபடி பார்ப்பார்.

பாடசாலையில் சொன்னபோது அவ்வளவு வரவேற்பு இல்லை. இடம் போய்விடும் என்றார்கள். போகட்டும்.

பிள்ளை முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். இரண்டாம் நாள் கொட்டாஞ்சேனைத் தம்பி எழுதியதை முழுவதும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். கதிரையில் இருந்து பார்த்தேன் என்ற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டான். இப்போது வைத்தியர் அனுமதித்த இரண்டு பயிற்சிகளைச் செய்கிறான், காலையில் அல்ல, மாலை ஐந்தரைக்கு. பக்கப் பிளாங்கில் ஒரு பக்கம் 38 விநாடி, மறுபக்கம் 17 தான். மூன்று நிமிடம் பிளாங்க் பிடித்த பிள்ளை! அவனுக்கே அதிர்ச்சி.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தம்பி. 12 வாரம் முடிந்தவுடன் முன்பு போல வீசலாமா? சனி, ஞாயிறுகளில் அவன் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறான்.

கொட்டாஞ்சேனை_வேகம் எழுதியது:

அக்கா, முறிவதற்கு முன் பிடித்துவிட்டீர்கள். படித்ததும் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

முன்பு போல உடனே வீச முடியாது. வைத்தியர் சம்மதித்த பிறகு முதலில் ஓட்டம் மட்டும். பிறகு நின்ற இடத்திலிருந்து, பாதி வேகத்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 12 பந்து. வலி இல்லையென்றால் அடுத்த வாரம் 18. முழு ஓட்டத்தோடு முழு வேகத்தில் ஆறு ஓவர் வீச இன்னும் ஆறு, ஏழு வாரம் ஆகலாம். ஓய்வில் இருந்த எலும்பு ஒரே நாளில் பழைய சுமையை ஏற்காது. திடீரென்று கூட்டுவதில்தான் பலர் இரண்டாம் முறை முறித்துக்கொள்கிறார்கள். 17, 38ஐ எட்டும் வரை பக்கப் பிளாங்கை விட வேண்டாம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நீங்களும் அவனுமாக எங்களிடம் வாருங்கள். என் பையன்களில் வேகமாக வீசுபவர்கள் நாலு பேர். ஒவ்வொருவரும் எத்தனை பந்து வீசுகிறான் என்று எழுத எனக்கு ஒருவன் தேவை. நான் வீச்சைப் பார்த்தால் கணக்கு விடுகிறது, கணக்கைப் பார்த்தால் வீச்சு விடுகிறது. தம்பி அதைச் செய்யட்டும். பென்சில் மட்டும் கொண்டுவந்தால் போதும், கொப்பி என்னிடம் இருக்கிறது.